வைரத்தைப் பிடித்து நிற்பது எது?

டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

டூல் ரூமுக்குப் புதிதாக வருகிறவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். உலகத்திலேயே கடினமான பொருள் வைரம். அதைத் தூளாக்கி ஒரு சக்கரத்தின் விளிம்பில் பதித்தாகிவிட்டது. இனி எதைக் கொண்டுபோய் வைத்தாலும் தேய வேண்டியதுதானே? பிறகு எதற்கு ரெசின், மெட்டல், விட்ரிஃபைட், எலக்ட்ரோபிளேட்டட் என்று இத்தனை வகை? இந்த மெஷினில் ஒரு மாதம் ஓடிய சக்கரம் பக்கத்து மெஷினில் அரை மணி நேரத்தில் ஏன் ஜாபை, அதாவது தேய்க்கக் கொடுத்த பொருளை, கருக்குகிறது?

நியாயமான கேள்வி. வெட்டுவது வைரம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துகள் எவ்வளவு நேரம் வெட்டும், எப்போது விழும், விழுந்த இடத்தில் அடுத்த துகள் எழுந்து வருமா என்பதையெல்லாம் முடிவு செய்வது அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பொருள். பட்டறையில் அதற்குப் பெயர் ‘பாண்டு’. சக்கரம் வாங்குகிறவர்கள் வைரத்தைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்டுவிட்டுப் பாண்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பணம் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் துகளைப் பேசிவிடுவோம். சாணைச் சக்கரங்களில் வெகுகாலமாக இருப்பவை அலுமினியம் ஆக்சைடும் சிலிக்கான் கார்பைடும். சிலிக்கான் கார்பைடை 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின்உலையில் உண்டாக்கி, கார்போரண்டம் என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரோடுதான் 1954-இல் சென்னையில் முருகப்பா குழுமத்தின் கார்போரண்டம் யுனிவர்சல் வந்தது. நம்மூர்ப் பட்டறைகளில் அந்தப் பச்சைச் சக்கரத்தையும் வெள்ளைச் சக்கரத்தையும் பார்க்காதவர் இல்லை.

இவற்றுக்கு மேல்படியில் இருப்பவை இரண்டே இரண்டு: வைரமும் க்யூபிக் போரான் நைட்ரைடும். பின்னதை எல்லாரும் சிபிஎன் என்றே சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் பொதுப்பெயர் சூப்பர் அப்ரேசிவ். கடினத்தை அளக்கும் நூப் கணக்கில் அலுமினியம் ஆக்சைடு ஏறக்குறைய 2100, சிலிக்கான் கார்பைடு 2500. சிபிஎன் 4500-ஐத் தாண்டும். வைரம் 7000-க்கும் மேலே போகும். கடினத்தோடு இன்னொரு பெரிய குணமும் இவற்றுக்கு உண்டு. இரண்டுமே வெப்பத்தை வேகமாகக் கடத்துபவை. நல்ல வைரப் படிகம் செம்பைவிட நான்கைந்து மடங்கு வேகமாகக் கடத்தும். உரசும் இடத்தில் பிறக்கும் சூடு ஜாபிலேயே தங்காமல் துகள் வழியாகவும் வெளியேறுகிறது. கிரைண்டிங்கில் ஜாப் கருகாமல் வருவதற்கு இது பாதிக் காரணம்.

அப்படியானால் வைரம் ஒன்றே போதுமே, சிபிஎன் எதற்கு? எஃகு இருப்பதால். வைரம் என்பது சுத்தமான கார்பன். சூடான இரும்புக்குக் கார்பன் மேல் தீராத பசி. வைரத் துகளை எஃகின்மேல் வேகமாக உரசும்போது, அந்தச் சூட்டில் துகளின் முனையிலிருந்து கார்பன் இரும்புக்குள் கரைந்துபோகிறது. முனை மழுங்குகிறது. வைரம் எஃகிடம் கடினத்தில் தோற்கவில்லை, வேதியியலில் தோற்கிறது. போதாததற்கு, காற்றில் 700, 800 டிகிரியிலேயே வைரம் எரியத் தொடங்கிவிடும். சிபிஎன் 1000 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். இரும்போடு அதற்கு அந்தப் பழக்கமும் கிடையாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. 1954 டிசம்பரில், நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனக்டடியில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் செயற்கை வைரம் செய்தார். சுவீடனில் ஏஎஸ்இஏ நிறுவனத்தார் அதற்கு முந்தைய ஆண்டே செய்துவிட்டு வெளியே சொல்லாமல் இருந்தார்கள் என்பது தனிக்கதை. ஹால் ஏறக்குறைய 1 லட்சம் வளிமண்டல அழுத்தத்தையும் 1600 டிகிரிச் சூட்டையும் கொடுத்தார். ஆனால் அழுத்தமும் சூடும் மட்டும் போதவில்லை. கார்பனைக் கரைத்து, வைரமாக மறுபடி படிய விடுவதற்கு இரும்பு வகை உலோகம் ஒன்று உருகிய நிலையில் தேவைப்பட்டது. எந்த இரும்பு அந்த உயர் அழுத்தப் பிரஸ்ஸுக்குள் வைரத்தை உண்டாக்க உதவுகிறதோ, அதே இரும்புதான் கிரைண்டிங் மெஷினில் வைரத்தைத் தின்கிறது. இரண்டு இடத்திலும் அது செய்வது கார்பனைக் கரைக்கும் ஒரே வேலை. அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதில்தான் பலன் மாறுகிறது.

அதே ஆய்வகத்தில் 1957-இல் ராபர்ட் வென்டார்ஃப் சிபிஎன்னை உருவாக்கினார். 1969-இல் போராசான் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. அன்றிலிருந்து கணக்கு எளிது. கார்பைடு, கண்ணாடி, செராமிக், கல் என்றால் வைரம். கடினமாக்கிய எஃகு, ஹைஸ்பீடு ஸ்டீல், பேரிங் எஃகு என்றால் சிபிஎன். இதைத் தெரிந்துகொள்ள ஐந்து நிமிஷம் போதும். இனி வருவதுதான் வருஷக்கணக்கில் கற்றுக்கொள்வது.

ஒரு துகள் வேலை செய்யும்போது என்ன நடக்கிறது? அது ஜாபில் சிறு கோடு கிழித்து, ஒரு சீவலை எடுக்கிறது. அந்தச் சீவல் போய் உட்கார இடம் வேண்டும். கூலண்ட் உள்ளே வரவும் அதே இடம்தான் வேண்டும். போகப்போகத் துகளின் முனை மழுங்குகிறது. மழுங்கினால் அதன்மேல் விழும் விசை கூடுகிறது. அந்த விசை ஓர் அளவைத் தாண்டும்போது ஒன்று துகள் உடைந்து புது முனையைக் காட்ட வேண்டும், அல்லது பாண்டு அதைக் கைவிட்டுவிட வேண்டும். பாண்டும் கொஞ்சம் தேய்ந்து, கீழே புதைந்திருக்கும் அடுத்த துகள் தலைகாட்ட வேண்டும். இந்தச் சுழற்சி தானாக நடந்துகொண்டே இருந்தால் சக்கரம் கூர்மையாகவே இருக்கும்.

பாண்டு தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தால் மழுங்கிய துகள் விழாது. சக்கரத்தின் முகம் பளபளவென்று கண்ணாடி போட்டுவிடும். ஆபரேட்டர் “வீல் கத்துது சார்” என்பார். ஸ்பிண்டில் மோட்டாரின் ஆம்பியர் ஏறும், ஜாபில் பழுப்புக் கறை விழும். பாண்டு தேவைக்குக் குறைவாக இருந்தால் நல்ல கூர்மையுள்ள துகளே உதிர்ந்து கூலண்ட் தொட்டியில் சேறாகப் படியும். வெட்டு அருமையாக இருக்கும். ஆனால் சக்கரத்தின் மூலை உருண்டுபோய், காசு கொடுத்து வாங்கிய வைரம் வேலை செய்யாமலே போய்ச் சேரும். பிடிக்கவும் தெரிய வேண்டும், சரியான நேரத்தில் விடவும் தெரிய வேண்டும். பாண்டின் வித்தை அவ்வளவுதான்.

முகம் பளபளத்துப்போன சக்கரத்தை மறுபடி வேலைக்குக் கொண்டுவருவது டிரெஸ்ஸிங். வீட்டு அம்மியை நினைத்துக்கொள்ளுங்கள். நாளாக நாளாக அம்மி வழுவழுத்துவிட்டால் மிளகாய் அரைபடாமல் வழுக்கும். அப்போது அம்மி கொத்துகிறவரைக் கூப்பிட்டு உளியால் கொத்தவைப்பார்கள். கல் அதே கல்தான். குழி விழுந்ததும் அரைக்கிறது. டிரெஸ்ஸிங்கும் அதுவே. வெள்ளை அலுமினியம் ஆக்சைடுக் குச்சியைச் சக்கரத்தின் முகத்தில் கொடுத்தால், வைரத்தை அது ஒன்றும் செய்யாது. இடையில் இருக்கும் பாண்டைத் தேய்த்துப் பள்ளமாக்கும். துகள்கள் தலை தூக்கி நிற்கும். சாதாரணச் சக்கரத்துக்குப் பிடிப்பதுபோல ஒற்றைமுனை வைர டிரெஸ்ஸரைக் கொண்டுபோய் வைரச் சக்கரத்தில் வைத்துவிடாதீர்கள். வைரமும் வைரமும் மோதி இரண்டும் பாழாகும்.

இனி ரெசின் பாண்டு. டூல் ரூமில் அன்றாடம் புழங்குவது இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1907-இல் லியோ பேக்லேண்ட் உருவாக்கிய பேக்கலைட்டின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபீனாலிக் ரெசின்தான் இதன் அடிப்படை. ரெசின் தூள், வைரத் துகள், நிரப்புப் பொருள்கள் மூன்றையும் கலந்து, அச்சில் இட்டு, 200 டிகிரிக்கு உட்பட்ட சூட்டில் அழுத்தி இறுக வைக்கிறார்கள். இந்தச் சக்கரம் பிறந்ததற்குக் காரணம் டங்ஸ்டன் கார்பைடு. ஜெர்மனியில் 1923-இல் கார்ல் ஷ்ரோட்டர் கோபால்ட்டைச் சேர்த்துச் செய்த கார்பைடு, 1920-களின் பிற்பகுதியில் க்ரூப் நிறுவனம் வழியாகப் பட்டறைகளுக்கு வந்தது. எஃகைச் சீவ அற்புதமான கருவி. ஆனால் அதற்கே சாணை பிடிக்க வழியில்லை. பச்சைச் சிலிக்கான் கார்பைடுச் சக்கரம் கார்பைடைச் சீவுவதைவிடத் தான் அதிகமாகத் தேய்ந்தது, சூட்டில் கார்பைடில் விரிசலும் விட்டது. 1930-களில் நொறுக்கிய இயற்கை வைரத்தை ரெசினில் பதித்த சக்கரங்கள் வந்தபிறகுதான் கார்பைடு நிம்மதியாகப் புழக்கத்துக்கு வந்தது.

ரெசினின் நல்ல குணம் அதன் இளக்கம். விசை கூடினால் துகள் மயிரிழை அளவு உள்ளே அமுங்கிக் கொடுக்கும். அதனால் வெட்டுமுனை சில்லு விடாமல் வரும், மேற்பரப்பும் நன்றாக அமையும். தேயவும் தயங்காது என்பதால் தானாகக் கூர்மையாகிக்கொண்டே இருக்கும். கெட்ட குணம், சூட்டைத் தாங்காது. துகளைச் சுற்றியுள்ள ரெசின் கருகினால் பிடி தளர்ந்து துகள் விழுந்துவிடும். சூடு அதிகம் வரும் வேலைக்குப் பாலிஇமைடு என்ற கூடுதல் தாங்கும் ரெசின் இருக்கிறது. விலையும் அதற்கேற்ப ஏறும்.

இந்தப் பிடி தளரும் சிக்கலுக்கு 1960-களில் வந்த ஒரு தீர்வு மிக அழகானது. ஒவ்வொரு வைரத் துகளுக்கும் தனித்தனியாக நிக்கல் பூச்சு கொடுத்தார்கள். எடையில் பாதிக்கு மேல் நிக்கல்! கேட்பவருக்கு இது ஏமாற்று வேலைபோலத் தோன்றும். உண்மையில், வழுக்கலான வைர முகத்தைப் பிடிக்க முடியாத ரெசின், சொரசொரப்பான நிக்கலை உடும்புப்பிடியாகப் பிடிக்கும். வைரம் உள்ளே விரிசல் விட்டாலும் துண்டுகள் சிதறாமல் நிக்கல் சேர்த்துப் பிடிக்கும். வைரத்திலிருந்து பாயும் திடீர்ச் சூட்டையும் அது தன்னிடம் வாங்கி மெதுவாக ரெசினுக்குக் கடத்தும். ரெசின் பாண்டுக்கு எடுக்கும் வைரமே வேறு ரகம். எளிதில் சிறுசிறு சில்லாக உடைந்து புதுமுனை காட்டும், ஒழுங்கற்ற உருவம் கொண்ட படிகம் அது. முழுமையான, உறுதியான படிகத்தை ரெசினில் போட்டால் அது உடையாமல் மழுங்கி உட்கார்ந்துகொள்ளும். ‘நல்ல’ வைரம் என்பது இங்கே நல்ல சக்கரம் ஆகாது. நான் மறுபடி மறுபடி பாண்டைக் கேளுங்கள் என்பது இதனால்தான்.

ரெசின் வைரச் சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஃகுத் தண்டில் கார்பைடு முனையைப் பிரேஸ் செய்த டர்னிங் டூலைச் சாணை பிடிக்கும்போது, தண்டின் எஃகையும் சேர்த்து வைரத்தில் உரசாதீர்கள். எஃகு வைரத்தைத் தின்னும் என்று பார்த்தோம். போதாக்குறைக்கு அந்த இழுவையான சீவல் சக்கரத்தின் முகத்தில் அப்பிக்கொண்டு லோடு ஆக்கிவிடும். முதலில் தண்டை அலுமினியம் ஆக்சைடுச் சக்கரத்தில் ஒதுக்கிவிட்டு, கார்பைடை மட்டும் வைரத்துக்குக் கொடுங்கள்.

முழுக் கார்பைடுத் தண்டில் எண்ட்மில்லின் பள்ளத்தை ஒரே ஓட்டத்தில் தோண்டும் சிஎன்சி டூல் கிரைண்டர்கள் வந்தபிறகு சுத்த ரெசினுக்குச் சிரமம் வந்தது. ஆழமான வெட்டில் சக்கரத்தின் மூலை சீக்கிரம் உருண்டது. மூலை போனால் பள்ளத்தின் உருவமே போயிற்று. அதற்காக ரெசினோடு உலோகத்தூளைச் சேர்த்து இறுக்கிய ஹைபிரிட் பாண்டுகள் வந்தன. மூலையை ஓரளவு மெட்டல் அளவுக்குக் காக்கும், ரெசின் அளவுக்கு எளிதாக வெட்டும். இன்று அந்த வேலைக்கு முதல் தேர்வு பெரும்பாலும் இதுதான்.

மெட்டல் பாண்டு என்பது பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். கோபால்ட், இரும்பு சேர்ந்தவையும் உண்டு. உலோகத்தூளோடு துகளைக் கலந்து, அச்சில் அழுத்தி, உலையில் சிண்டர் செய்கிறார்கள், அதாவது சுட்டு இறுக வைக்கிறார்கள். பிடி மிகவும் உறுதி, தேய்மானம் குறைவு, உருவம் நெடுநாள் நிற்கும். கார் கண்ணாடியின் விளிம்பு, மூக்குக்கண்ணாடி லென்ஸ், செராமிக் என நொறுங்கும் சுபாவமுள்ள பொருள்களுக்கு இது. இதற்குள் போடும் வைரம் முழுமையான, உறுதியான படிகம். பாண்டு எளிதில் விடாது என்றால் துகளும் எளிதில் உடையக்கூடாது அல்லவா?

கல் அறுப்பதும் இந்த மெட்டல் பாண்டுதான். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் பெரிய பிளேடுகளின் விளிம்பில் வரிசையாகப் பற்றவைத்த பல் போன்ற செக்மென்ட்களைப் பார்த்திருப்பீர்கள். உலோகத்துக்குள் வைரத் துகள் கலந்த கட்டிகள் அவை. இங்கேதான் புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஒருமுறை தடுமாறுகிறார்கள். கடினமான கிரானைட்டுக்கு எந்தப் பாண்டு வேண்டும்? இறுக்கமானது என்று வாய் தானாகச் சொல்லும். வேண்டியது இளகிய பாண்டு. தார்ச்சாலையை அறுக்க? அதற்குத்தான் இறுக்கமான பாண்டு.

காரணத்தை யோசித்துப் பாருங்கள். கடினக் கல் வைரத்தின் முனையை வேகமாக மழுக்கும். ஆனால் அதிலிருந்து வரும் தூள் மிக நுண்ணியது, பாண்டை அவ்வளவாக அரிக்காது. பாண்டு இறுக்கமாக இருந்தால் மழுங்கிய வைரமே முகத்தில் நின்றுவிடும், பிளேடு வெறுமனே உரசும், சூடேறும். ஆகவே தானே தேய்ந்து வழிவிடும் இளகிய பாண்டு வேண்டும். தார்ச்சாலையிலும் மணற்கல்லிலும் வரும் தூள் கரகரப்பானது. அது பாண்டை அரித்துக்கொண்டே போகும். இளகிய பாண்டைப் போட்டால் வைரம் வேலை செய்யும் முன்பே அடித்தளம் கரைந்து துகள் உதிரும். கிரானைட் பிளேடு வெட்ட மறுத்தால், கரகரப்பான மணற்கல்லிலோ செங்கல்லிலோ நாலு வெட்டு வெட்டச் சொல்வது இதை நம்பித்தான். செங்கல் தூள் பாண்டை அரித்து வைரத்தை வெளியே கொண்டுவரும்.

மெட்டல் பாண்டின் பெரிய தொல்லை, குச்சி கொடுத்துக் கூர்மையாக்குவது கடினம். ஜப்பானின் ரிக்கென் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹிதோஷி ஓமோரி குழுவினர் இதற்கு மின்சாரத்தை வைத்து வழி கண்டார்கள். இரும்பு பாண்டுச் சக்கரத்துக்கு நேர்மின் இணைப்பு கொடுத்து, கிரைண்டிங் நடக்கும்போதே மின்பகுப்பால் பாண்டின் மேல்தோலை மட்டும் மெல்லக் கரைக்கிறார்கள். இதற்கு எலிட் என்று பெயர். மிக நுண்ணிய துகள் வைத்துக் கண்ணாடிபோல் மேற்பரப்பு எடுக்கும் வேலைகளில் அது நிலைத்துவிட்டது.

விட்ரிஃபைட் பாண்டு, கண்ணாடியும் பீங்கானும் சேர்ந்த ஜாதி. இதன் செல்வம் அதன் துளைகள். ரெசினிலும் மெட்டலிலும் பெரும்பாலும் இடைவெளி இருக்காது. இங்கே வேண்டும் என்றே நுண்துளைகளை வைத்துச் சுடுகிறார்கள். துளைக்குள் கூலண்ட் ஏறி உட்கார்ந்து வெட்டும் இடத்துக்கு வருகிறது, சீவலுக்கும் இடம் கிடைக்கிறது. விறைப்பானது, ஆனாலும் முறுகலானது; ரோட்டரி வைர டிரெஸ்ஸரைத் தொடவிட்டால் சுத்தமாக நொறுங்கி வேண்டிய உருவத்தை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் மட்டும் எடுத்தால் போதும். அதற்கு மேல் எடுத்தால் சிபிஎன்னைக் குப்பைக்கு அனுப்புகிறோம் என்று அர்த்தம். அதனால்தான் டிரெஸ்ஸர் சக்கரத்தைத் தொடும் அந்தக் கணத்தைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கும் சென்சாரை மெஷினில் பொருத்துகிறார்கள்.

கார் எஞ்சினின் கேம்ஷாஃப்ட், கிராங்க்ஷாஃப்ட் போன்றவை இன்று ஆயிரக்கணக்கில் ஒரே அளவாக வருகின்றன என்றால் அதில் விட்ரிஃபைட் சிபிஎன்னுக்குப் பெரிய பங்கு. விளிம்பு வேகம் நொடிக்கு 80 மீட்டர், 100 மீட்டர், அதற்கும் மேலே. சாதாரணச் சக்கரம் ஷிப்டு முழுக்க டிரெஸ்ஸிங்கில் சுருங்கிக்கொண்டே வரும். இது பல நாள் ஏறக்குறைய அதே விட்டத்தில் நிற்கும். நேரம் மிச்சம், அளவு பிசகாது. டூல் ரூமில் இருப்பவர்கள் ரெசினையே பெரிதாக நினைப்பார்கள். உற்பத்தி லைனில் இருப்பவர்களைக் கேட்டால் விட்ரிஃபைட்தான் உயர்ந்தது என்பார்கள். என்னைக் கேட்டால், ஒரு பாண்டாக இதுதான் நேர்த்தியானது. துளை எவ்வளவு, பிடி எவ்வளவு என்று இரண்டையும் செய்கிறவர் தனித்தனியே திட்டமிட இதில்தான் அதிகம் இடமிருக்கிறது.

எலக்ட்ரோபிளேட்டட் முற்றிலும் வேறு வழி. எஃகு உடலை வேண்டிய உருவத்துக்குக் கடைந்து, அதன்மேல் ஒரே ஓர் அடுக்குத் துகளை நிறுத்தி, நிக்கல் முலாம் குளியலில் வைத்து, துகளின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரை நிக்கல் படிய விடுகிறார்கள். மீதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் வெட்டு மிகவும் சுலபம், சீவலுக்கு இடம் தாராளம். பல் மருத்துவர் வாய்க்குள் கொண்டுவரும் சின்ன வைர பர் இந்த வகைதான். ஆகவே நம்மில் நிறையப் பேருக்கு இந்த பாண்டோடு நேரடி அறிமுகம் உண்டு. டர்பைன் பிளேடின் வேர், கியர் பல் போன்ற சிக்கலான வடிவங்களுக்கும் இதுவே வசதி. எஃகில் கடைந்த உருவம் அப்படியே சக்கரத்துக்கு வந்துவிடுகிறது.

ஆனால் ஒரே அடுக்கு. கீழே வேறு துகள் காத்திருக்கவில்லை. டிரெஸ்ஸிங் என்ற பேச்சே கிடையாது. புதிதாக மாட்டும்போது உயர்ந்து நிற்கும் சில துகள்கள் ஆழக்கோடு போடும், மேற்பரப்பு கொரகொரக்கும். போகப்போக அவை தேய்ந்து மேற்பரப்பு மெருகேறும், விசையும் ஏறும். ஸ்பிண்டிலில் மாட்டியபிறகு டயல் வைத்து ஓட்டத்தைச் சில மைக்ரானுக்குள் கொண்டுவந்தே ஆகவேண்டும். மற்றச் சக்கரங்களில் ஆட்டத்தைத் தேய்த்துச் சரிசெய்யலாம், இதில் முடியாது. ஆட்டம் இருந்தால் ஒருபக்கத் துகள்களே முழு வேலையும் செய்து செத்துப்போகும். துகள் முடிந்த சக்கரத்தின் உடலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பழைய நிக்கலைக் கரைத்து எடுத்துவிட்டு அதே எஃகு உடலில் மறுபடி முலாம் போட்டுத் தருவார்கள். நிக்கலுக்குப் பதில் டைட்டானியம் சேர்ந்த உலோகத்தை உருக்கிப் பிரேஸ் செய்வதும் உண்டு. டைட்டானியம் வைரத்தின் கார்பனோடு வேதியியலாகவே சேர்ந்துகொள்வதால், குறைந்த ஆழத்தில் புதைத்தாலும் பிடி விடாது.

செறிவு பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் 100 என்று போட்டிருந்தால் நூறு சதவீதம் வைரம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். 100 செறிவு என்பது ஒரு கன சென்டிமீட்டர் அடுக்கில் 4.4 காரட், கொள்ளளவில் கால்பங்கு. 75 என்றால் 3.3 காரட், 50 என்றால் 2.2. 150 மி.மீ. விட்டம், 10 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழ அடுக்கு உள்ள சக்கரத்தில் அடுக்கின் கொள்ளளவு ஏறக்குறைய 14 கன செ.மீ. 100 செறிவில் சுமார் 61 காரட் வருகிறது. எடையில் 12 கிராம்தான். அதிகச் செறிவு எப்போதும் நல்லதும் அல்ல. துகள் கூடினால் விசை பலருக்குப் பங்காகி, ஒவ்வொன்றின்மேலும் விழுவது குறைந்து, உடைந்து புதுமுனை காட்ட வேண்டியது உடையாமல் மழுங்கும். ஜாபோடு அகலமாகத் தொடும் கப் சக்கரத்துக்குக் குறைந்த செறிவு, ஒடுங்கிய விளிம்பும் மூலையும் நிற்க வேண்டிய வேலைக்குக் கூடுதல் செறிவு என்பது பொதுவான கணக்கு.

வேகத்தையும் மறக்காதீர்கள். ஒரே சக்கரம், வேகம் கூடினால் இறுகியதுபோல நடக்கும், குறைந்தால் இளகியதுபோல நடக்கும். கார்பைடுக்கு ரெசின் வைரம் என்றால் விளிம்பு வேகம் நொடிக்கு 20 முதல் 30 மீட்டருக்குள் வைப்பார்கள். 150 மி.மீ. சக்கரம் 25 மீட்டரில் ஓட நிமிஷத்துக்குச் சுமார் 3200 சுற்று வேண்டும். சக்கரம் கத்துகிறது என்றால் புதுச் சக்கரம் கேட்பதற்கு முன் வேகத்தைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். சக்கரத்தின்மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லாமல் எழுந்திருக்க மனம் வரவில்லை. கார்பைடை உலர்வாகத் தேய்க்கும்போது பறக்கும் தூசியில் கோபால்ட் இருக்கிறது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் இறுகிப்போகும் நோய் வரும். மருத்துவத்தில் அதற்குக் கடின உலோக நுரையீரல் நோய் என்றே பெயர். கூலண்ட் ஓடினால் தூசி அடங்கும், ஆனால் கோபால்ட் கூலண்டில் கரைந்து கூடிக்கொண்டே போகும், தெறிக்கும் சாரலிலும் வரும். ஆகவே உறிஞ்சி, வடிகட்டி, முகக்கவசம் மூன்றுமே வேண்டும். மெஷினுக்கு லட்சங்கள் கொடுத்துவிட்டு உறிஞ்சிக்குக் கணக்குப் பார்ப்பது தவறு. அந்த மெஷின்முன் எட்டு மணி நேரம் நிற்கும் பையனின் மூச்சு அது.

அடுத்தமுறை சக்கரத்துக்கு ஆர்டர் எழுதும்போது விட்டம், அகலம், துளையோடு நிறுத்தாதீர்கள். ஓசூரில் 1980-களிலிருந்து இந்தச் சக்கரங்களைச் செய்யும் வெண்ட் போன்ற நிறுவனங்களின் பொறியாளர்கள் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு பட்டியல். என்ன பொருள், எவ்வளவு கடினம், ஓர் ஓட்டத்தில் எவ்வளவு எடுக்கிறீர்கள், ஸ்பிண்டிலின் சக்தி என்ன, எந்த வேகம் வரை போகும், டிரெஸ்ஸிங் வசதி மெஷினிலேயே இருக்கிறதா, மேற்பரப்பு முக்கியமா மூலை முக்கியமா. கூலண்ட் தண்ணீர் கலந்ததா, சுத்த எண்ணெயா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், குறிப்பாகச் சிபிஎன் கேட்கும்போது. வெட்டும் இடத்தின் சூட்டில் நீராவி போரான் நைட்ரைடைச் சிதைக்கும். எண்ணெயில் அதே சக்கரம் பல மடங்கு நாள் உழைக்கும்.